அந்தமானுக்கு அனுப்பிய மருமகள்

"உன் மாமனாரும் மாமியாளும் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுல தரையில ஒக்காந்திருக்காங்கடி. முதுவுல ஆளுக்கொரு மூட்டை!"

இசைவாணி செல்போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டாள். பேசியது ஞானாம்பாள். மாமியாரின் தங்கை, சிதம்பரத்தில் இருப்பவள். அவள் அங்கே பேசினால் கடலூரில் பள்ளிக்கூடத்து ஆசிரியர் அறை முழுக்கக் கேட்கும். இப்போதும் கேட்டது. விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் சிவப்புப் பேனாவை மூடிவிட்டுக் காதைத் திறந்துகொண்டார்கள்.

"மூட்டை இல்ல சின்னத்தை. அது பேக்பேக்."

"என்னா பேக்கு?"

"முதுகுல மாட்டிக்கிற பேக். அவுங்க ரெண்டு பேரும் பேக்பேக்கிங் போறாங்க."

"பேக் பண்ணி அனுப்பிட்டியா! அத உன் வாயாலயே வேற சொல்றியா?"

"ஐயோ, டூர் சின்னத்தை. டூர் போறதுக்கு ரிகர்சல் பாக்கறாங்க."

"யாருகிட்ட சொல்ற? இந்தக் குடும்பத்துல எவன் டூர் போனாலும் வேன் புடிச்சி எல்லாரும் ஒண்ணாத்தான் போவோம். எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லாம எங்க அக்கா டூர் போவுமா? போவாது. அப்ப இது டூர் இல்ல."

கணக்கு டீச்சரான இசைவாணிக்கே அந்தத் தர்க்கத்தில் ஓட்டை கண்டுபிடிக்க முடியவில்லை.

"வீட்டுக்கு வாக்கான்னு கூப்புட்டேன். 'இனிமே யார் வீட்டுக்கும் வரதா இல்லடி ஞானம்'னுட்டா."

போன் வைக்கப்பட்டது. வைத்த வேகத்திலேயே தெரிந்தது, அடுத்த ஆளைக் கூப்பிடத்தான் வைக்கப்பட்டது என்று.

நடந்தது இவ்வளவுதான். மாமியார் லோகநாயகி ஒருநாள் யூடியூபில் ஒரு ஜோடியைப் பார்த்தாள். ஆளுக்கொரு பையை முதுகில் மாட்டிக்கொண்டு, படகு மாற்றிப் படகு ஏறித் தீவு தீவாகச் சுற்றுகிறார்கள். கிடைத்ததைச் சாப்பிடுகிறார்கள். இடம் இருந்த இடத்தில் படுக்கிறார்கள். "நாமளும் போலாமாங்க?" என்று கேட்டாள். மாமனார் திருநாவுக்கரசு லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் ஆன நாளாக மனைவி கேட்ட எதற்கும் "பாக்கலாம்" என்றே சொல்லி வந்தவர், அன்று ஏனோ "போலாம்" என்றுவிட்டார். அந்தமானுக்கு டிக்கெட் போட்டுக் கொடுத்தவள் இசைவாணி. பைகளைத் தேடிப் பிடித்து வாங்கித் தந்ததும் அவள்தான். அடுத்த மாதம் பயணம். அதற்குமுன் பழகிப் பார்க்கத்தான், இன்று காலை இருவரும் பையை மாட்டிக்கொண்டு பஸ் பிடித்துக் கிளம்பினார்கள். சிதம்பரம், அங்கிருந்து பிச்சாவரம். சொந்தக்காரர் வீட்டில் தங்கக் கூடாது என்பது பயிற்சியின் விதி.

வேறு சமயமாக இருந்தால் இசைவாணி சிரித்திருப்பாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை, அவள் தங்கை தமிழ்ச்செல்விக்குச் சம்பந்தம் பேச வருகிறார்கள். மாப்பிள்ளை கதிர்வேல் சிதம்பரம். ஞானாம்பாள் வீட்டுத் தெருவேதான். மாப்பிள்ளையின் அம்மா முத்தம்மாள் நகை கேட்கவில்லை, படிப்புக் கேட்கவில்லை. கேட்டது ஒன்றே ஒன்று: "அக்காக்காரி மாமியாள எப்பிடி வெச்சிருக்கா? அத வெச்சித்தான் தங்கச்சிய எடை போடுவேன்."

பக்கத்து நாற்காலி நௌஷீன் டீச்சர்தான் முதலில் வாயைத் திறந்தாள். "ஏன் இசை, மாமியார் மாமனாருக்கு உங்கையால சோறு போனா யாரு என்ன பேச முடியும்? எங்க ஹுமாயூன் மச்சான் சிதம்பரத்துலதான் ஆட்டோ ஓட்டறாரு. நல்ல ஓட்டல்ல வாங்கி, கேரியர்ல போட்டு, நேரா அவுங்ககிட்ட கொண்டுபோய்க் குடுக்கச் சொல்றேன். 'உங்க மருமக அனுப்பிச்சாங்க'ன்னு நாலு பேர் காதுல வுழறமாரி சொல்லச் சொல்றேன்."

"சத்தமா சொல்வாரா?"

"அவரு ஆட்டோக்காரரும்மா. மெதுவா சொல்லத்தான் அவருக்குத் தெரியாது."

மதிய மணி அடித்து முடிப்பதற்குள் போன் வந்துவிட்டது.

"ஏண்டி, சோத்த ஆட்டோவுல அனுப்புறியாமே!"

"சின்னத்தை..."

"வீட்டுல ஒக்காரவெச்சிப் போடறதுக்கு வலிக்குதா? பிச்சாவரம் படகுத்துறையில எறங்கி, 'மருமக சோறு அனுப்பியிருக்கா, மருமக சோறு அனுப்பியிருக்கா'ன்னு மைக் இல்லாத கொறையா கத்தினானாம் ஒருத்தன். எங்க ஓரகத்தி மவன் அங்கதான் டிக்கெட் குடுக்கறான். மானம் போச்சி!"

"அவுங்க சாப்ட்டாங்களா?"

"சாப்புட எங்க மனசு வரும்? எங்க அக்கா படகுல ஏறுறாளாம், எறங்குறாளாம், மறுபடி ஏறுறாளாம். தண்ணியவே வெறிச்சி வெறிச்சிப் பாக்கறாளாம்."

"அது பழகறாங்க சின்னத்தை! தீவுக்குத் தீவு படகு மாறணும் இல்ல, அத்தைக்குப் படகுன்னா பயம். அதுக்காக..."

"பழகறாளா? இதுக்கெல்லாமாடி பழகுவாங்க? அந்த ஆட்டோக்காரப் புள்ளை பயந்துபோயி கையைப் புடிச்சி ஒக்காரவெச்சி, 'அவசரப்படாதீங்கம்மா, எல்லாத்துக்கும் அல்லா ஒரு வழி வெச்சிருப்பான்'னு புத்தி சொல்லியிருக்கான். யாரோ பெத்த புள்ளை சொல்றான். உனக்குத் தோணல!"

இசைவாணி நௌஷீனைப் பார்த்தாள். நௌஷீன் விடைத்தாளைப் பார்த்தாள்.

இனி யாரையும் நடுவில் விடக் கூடாது என்று மாமியாருக்கே போன் போட்டாள். நெடுநேரம் அடித்து, ஓயப்போகும் நேரத்தில் எடுத்தாள் லோகநாயகி. பின்னால் காற்று, துடுப்புச் சத்தம்.

"சொல்லு இசை. சுரபுன்னைக் காட்டுக்குள்ள இருக்கோம். எவ்ளோ அழகா இருக்குது தெரியுமா! மரமெல்லாம் தண்ணிக்கு மேலயே வேர வுட்டுக்கிட்டு நிக்குது."

"அத்தை, சின்னத்தை எல்லாத்தையும் தப்பா நெனச்சிக்கிட்டாங்க. நான் உங்கள வீட்டவுட்டுத் தொரத்திட்டேனாம். நீங்களே ஒரு வார்த்த பேசிடுங்களேன்."

"ஞானமா? சரி சரி, நான் பேசிக்கறேன்."

"என்னா பேசுவீங்க?"

"எத பேசணுமோ அதப் பேசறேன். நீ ஒண்ணும் மனசுல வெச்சிக்காத கண்ணு."

பின்னால் யாரோ அடக்கமுடியாமல் சிரித்தார்கள்.

"யாரு அத்தை சிரிக்கறது?"

"உங்க மாமாதான். நண்ட பாத்துட்டாரு."

பிச்சாவரத்து நண்டில் சிரிப்பதற்கு என்ன இருக்கிறது என்று யோசிக்கும் நிலையில் இசைவாணி இல்லை. மாமியார் பேசிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. நிம்மதியாக எட்டாம் வகுப்புக்குப் பின்னம் நடத்தப் போனாள். பின்னத்தின் பாதியில் போன் அதிர்ந்தது. வராந்தாவுக்கு வந்து எடுத்தாள்.

ஞானாம்பாள் அழுதுகொண்டிருந்தாள்.

"எங்க அக்கா பேசினாடி."

"அப்பாடா. சொல்லிட்டாங்களா?"

"சொன்னா. 'எம் மருமக தங்கம்டி ஞானம், அவள ஒண்ணும் சொல்லாத, எல்லாம் எங்க தலையெழுத்து'ன்னா. அடிப் பாவி! இத்தனைக்கப்புறமும் அவ உன்ன வுட்டுக்குடுக்கல பாரு!"

"அத்தை அப்பிடியா சொன்னாங்க?"

"சொல்லிட்டு ஒரு பெருமூச்சு வுட்டா பாரு, அப்ப புடிச்சி அழுதுகிட்டே இருக்கேன்."

அன்று எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கீழ் எண் மேலேயும் மேல் எண் கீழேயும் போனது.

சாயங்காலம் இசைவாணி கடைசி ஆயுதத்தை எடுத்தாள். 'நம்ம குடும்பம்' என்ற வாட்ஸப் குரூப்பில் கடலூர் மாவட்டத்துச் சொந்தங்கள் அத்தனையும் அடக்கம். உண்மையைப் படத்தோடு போட்டுவிட்டால்? காலையில் இருவரும் கிளம்பும்போது எதிர்வீட்டுப் பெண் எடுத்த படம் இருந்தது. சரியாகப் பார்க்காமலே போட்டாள். கீழே எழுதினாள்: "அத்தையும் மாமாவும் அந்தமான் போறாங்க. இனி எல்லாம் ஒரே பைக்குள். நாலு தீவு. வாழ்த்துங்கள்!"

போட்ட பிறகுதான் படத்தை உற்றுப் பார்த்தாள்.

திருநாவுக்கரசு பையின் கனத்தில் முன்னால் வளைந்து நின்றார். லோகநாயகி கண்ணில் விழுந்த தூசியை முந்தானையால் ஒற்றிக்கொண்டிருந்தாள். இசைவாணி வாசல் கேட்டுக்கு உள்ளே நின்றபடி டாட்டா காட்டியிருந்தாள். காட்டிய கை பாதியில் படமாகிவிட்டதில், விரல் தெருவைப் பார்த்து நீண்டிருந்தது.

குரூப்பில் முதலில் கும்பிடும் கைகள் வந்தன. அப்புறம் அழும் முகங்கள். அப்புறம் பண்ருட்டிப் பெரியப்பா எழுதினார்:

"அந்தக் காலத்துல அந்தமானுக்கு வெள்ளக்காரன் அனுப்புனான். இந்தக் காலத்துல மருமவ அனுப்பறா."

அதற்கு இருபத்தேழு பேர் கட்டைவிரல் காட்டினார்கள்.

அழிக்கப் போனாள். அழித்தாள். "என்னத்த அழிச்ச?" என்று நாலு பேர் கேட்டார்கள். பார்க்காதவர்களுக்குப் பார்த்தவர்கள் மறுபடி அனுப்பிவைத்தார்கள்.

ஓசூரில் வேலையாக இருந்த கணவன் இளவரசுவைக் கூப்பிட்டாள்.

"என்னாங்க, குரூப்ப பாத்தீங்களா? நீங்க ஒரு வார்த்த எழுதுங்க. நீங்க எழுதினாதான் நம்புவாங்க."

"மீட்டிங்ல இருக்கேன் இசை. தோ, எழுதிடறேன்."

எழுதினான். "எனக்கு ஒண்ணும் தெரியாது. எல்லா முடிவும் இசைதான் எடுத்தா. அவகிட்டயே கேட்டுக்குங்க."

அதற்கு மேல் அந்தக் குரூப்பில் யாரும் எதுவும் எழுதவில்லை. அமைதியைக் கலைத்தது காட்டுமன்னார்கோயிலிலிருந்து அம்மாவின் போன்.

"என்னாடி பண்ணித் தொலைச்ச?"

"அம்மா, நான் ஒண்ணுமே பண்ணலம்மா."

"ஒண்ணும் பண்ணாமயா முத்தம்மா போன் போட்டு, 'ஞாயித்துக்கெழம வரத பத்தி யோசிச்சிச் சொல்றோம்'ங்கறாங்க? 'உங்க பெரிய பொண்ணு பத்தி என்னென்னமோ கேள்விப்பட்டோம்'ங்கறாங்க. தமிழு அப்பலேர்ந்து ஒரு வாய் சாப்புடல. அந்தப் பையன அவளுக்குப் புடிச்சிருக்குடி."

பின்னாலிருந்து தமிழ்ச்செல்வியின் குரல்: "எனக்கு ஒண்ணும் புடிக்கல! அவள வெக்கச் சொல்லும்மா போன!" அப்புறம் மூக்கை உறிஞ்சும் சத்தம்.

அந்த உறிஞ்சல்தான் இசைவாணியை உலுக்கியது. ஊர் தன்னைப் பேசினால் பேசட்டும். தங்கையின் கல்யாணம் தன்னால் நின்றது என்ற பேரோடு எப்படி இருப்பது?

மறுநாள் சனிக்கிழமை. சிதம்பரத்துக்கு முதல் பஸ்ஸைப் பிடித்தாள். மாமனார் மாமியாரைக் கையோடு அழைத்துக்கொண்டு, சிரித்துப் பேசியபடி முத்தம்மாள் வீட்டு வாசலில் போய் நிற்பது என்று திட்டம். நேரில் பார்த்தால் நம்பித்தானே ஆகவேண்டும்?

கீழவீதியில், கோபுரத்துக்கு எதிரே, ஓர் அன்னதானக் கூடத்தின் படியில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். சாப்பிட்டு முடித்து, கழுவிய தட்டைத் துடைத்துப் பைக்குள் சொருகிக்கொண்டிருந்தாள் லோகநாயகி. திருநாவுக்கரசின் பையின் மேல் அவருடைய பனியன் காய்ந்துகொண்டிருந்தது. துவைத்ததை நடந்துகொண்டே காயவைப்பதும் யூடியூபில் சொன்னதுதான். ஆனால் போவோர் வருவோர் யூடியூப் பார்த்தவர்களாகத் தெரியவில்லை. சுற்றிலும் ஏழெட்டுப் பேர் நின்று பரிதாபப்பட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அத்தை, மாமா, எழுந்திரிங்க. போலாம்."

"எங்க?" என்றார் திருநாவுக்கரசு.

"முத்தம்மா வீட்டுக்குப் போயிட்டு, அப்பிடியே நம்ம வீட்டுக்கு."

"அதெப்பிடி வரது? இன்னிக்கி எங்களுக்கு சத்திரத்து ஹால்ல பத்துப் பேரோட படுத்துப் பழகணும்" என்றாள் லோகநாயகி, எல்லோருக்கும் கேட்கும்படி.

"கேட்டுக்கங்க" என்றாள் பூக்காரி பக்கத்திலிருந்தவளிடம். "வீடு இருந்தும் சத்திரத்துல படுக்கப் பழகணுமாம். என்னா நெஞ்சழுத்தம் இருந்தா இந்தப் பொண்ணு இப்ப வந்து நிக்கும்?"

"ஏங்க, உங்களுக்குத் தெரியாது" என்று பூக்காரியிடம் திரும்பினாள் இசைவாணி. "இவுங்க டூரு..."

"ஊர்ல உள்ளவங்க எல்லாம் கோயிலுக்கு வராங்க, நீ டூருன்னு சொல்லி எங்கள ஏமாத்தப் பாக்கறியா? பனியன முதுவுல காயவெச்சிக்கிட்டு எவன் டூர் வருவான்?" என்று மடக்கினாள் பூக்காரி.

சைக்கிளை நிறுத்திவிட்டு ஒருவர் இறங்கினார். நியாயம் கேட்பதற்காகவே இறங்கியவர் போல இருந்தார்.

இசைவாணி பையையாவது வாங்கிக்கொள்ளலாம் என்று மாமியாரின் பைப்பட்டையில் கைவைத்தாள். லோகநாயகி விடவில்லை. "அவுங்கவுங்க பைய அவுங்கவுங்கதான் தூக்கணும் இசை, அதான் ரூலு!" இவள் இழுக்க, அவள் பிடிக்க, பை நடுவில் ஊசலாடியது.

"பையையும் புடுங்கறாடா!" என்றார் சைக்கிள்காரர்.

கையை விட்டாள். என்ன செய்தால் மரியாதையுள்ள மருமகள் என்று தெரியும்? சட்டென்று குனிந்து, நடுவீதியில், இருவர் காலிலும் விழுந்தாள்.

கூட்டம் 'ஆ' என்றது.

"மன்னிப்பு கேக்கறா பாரு" என்றாள் பூக்காரி. "அப்ப அத்தனையும் நெசம்தான்."

"எழுந்திரும்மா" என்றார் திருநாவுக்கரசு. குரல் ஒருமாதிரி நடுங்கியது. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. "பாவம், பெரியவரு அழுவறாரு" என்றது கூட்டம்.

இசைவாணி எழுந்தபோது எதிரே ஒரு பட்டுப்புடவை நின்றது. கையில் அர்ச்சனைத் தட்டு. முத்தம்மாள்.

எவ்வளவு நேரமாக நிற்கிறாள்? பை இழுத்ததிலிருந்தா, காலில் விழுந்ததிலிருந்தா? எதிலிருந்து பார்த்திருந்தாலும் ஒன்றுதான். முத்தம்மாள் இசைவாணியைத் தாண்டிப் போனாள். நேராக லோகநாயகியின் கையைப் பிடித்து, "அண்ணி, செத்த இப்பிடி வாங்க" என்று கோபுரத்து நிழலுக்கு அழைத்துப் போனாள்.

இசைவாணி தூரத்திலிருந்து பார்த்தாள். லோகநாயகி ஏதோ சொன்னாள். முத்தம்மாள் வாயில் கைவைத்தாள். லோகநாயகி இன்னும் கிட்டப் போய்ச் சொன்னாள். முத்தம்மாள் கண்ணைத் துடைத்தாள். லோகநாயகியும் கண்ணைத் துடைத்தாள். பிறகு முத்தம்மாள் பையைத் தொட்டுப் பார்த்தாள், பின்பக்கம் போய்ப் பார்த்தாள், தூக்கிக் கனம் பார்த்தாள். இவ்வளவு கனத்தையா இந்த வயதில் சுமக்கவிட்டாள் என்றுதான் பார்த்திருக்க வேண்டும்.

"மாமா, அத்தை என்னா சொல்றாங்க அவுங்ககிட்ட?"

"எனக்கென்னாம்மா தெரியும்" என்றார் திருநாவுக்கரசு, கோபுரத்து உச்சியைப் பார்த்தபடி.

"மாமா, தமிழு கல்யாணம் நின்னுடும் மாமா."

அவர் முகம் முதல்முறையாகச் சுருங்கியது. "கல்யாணமா? இதுல தமிழு கல்யாணம் எங்கேர்ந்து வந்துச்சி? ஐயய்யோ, லோகா அத நெனக்கலயே" என்று எழுந்தார். அதற்குள் முத்தம்மாள் திரும்பி வந்துகொண்டிருந்தாள். வந்து, இசைவாணிக்கு எதிரே நின்று, தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். பூக்காரி பூத்தொடுப்பதை நிறுத்தினாள். சைக்கிள்காரர் பெல்லைக் கையால் மூடிக்கொண்டார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். மறைக்காம சொல்லணும்."

"கேளுங்கம்மா."

"உன் தங்கச்சி எங்க வீட்டுக்கு வந்தா, எங்களயும் இப்பிடி முதுவுல பைய மாட்டித் தொரத்திவுடுவாளா?"

இசைவாணிக்குக் கண் நிறைந்துவிட்டது. "சத்தியமா மாட்டாம்மா! என்ன பத்தி நீங்க என்னா வேணா நெனச்சிக்குங்க. தமிழு அப்பிடிப்பட்ட பொண்ணே இல்ல. உங்கள ஒருநாளும் வீட்டவுட்டு வெளிய அனுப்பமாட்டா. கோயிலுக்குக்கூடத் தனியா அனுப்பமாட்டா. எங்க போனாலும் சொந்தம் அத்தன பேரையும் கூட்டிக்கிட்டு, உங்களுக்கு ரெண்டு பக்கமும் ஆள் ஒக்காரவெச்சித்தான் கூட்டிட்டுப் போவா. நான் கேரண்டி!"

முத்தம்மாளின் முகம் விழுந்துவிட்டது.

"உன் தங்கச்சிகிட்ட கொஞ்சம் சொல்லிப் பாரும்மா" என்றாள், குரலை இறக்கி, கிட்டத்தட்டக் கெஞ்சலாக. "மருமவ தொரத்திட்டான்னு நாமளே கெளப்பிவுட்டாத்தான் ஒரு சொந்தக்காரனும் கூட வேன் புடிக்கமாட்டான், புருசன் பொண்டாட்டி தனியா போய்ட்டு வரலாம்னு உங்க மாமியா இப்பதான் வெவரமா சொன்னாங்க."